ஒரு கரண்டிச் சோறும் ஒரு மெமோவும்

கம்பெனி கேன்டீனை மேற்பார்வை பார்ப்பவளுக்கு, ருசி குறைந்தாலும் திட்டு, ருசி கூடினாலும் 'இன்னும் கொஞ்சம் போடுங்க' என்று சண்டை. வீட்டில் நாலு பேருக்குச் சோறு போடுகிறவர்களுக்கே இந்தக் கஷ்டம் தெரியும். நான் துவாக்குடிப் பக்கம் பாய்லர் பாகங்கள் செய்யும் கம்பெனியில் எண்ணூறு பேருக்குப் போடுகிறேன். மருத்துவப் பரிசோதனையில் பலருக்குச் சர்க்கரை, பிரஷர் என்று வந்ததும், 'ஆரோக்கிய உணவுத் திட்டம்' என்று ஒரு காகிதம் என் மேஜைக்கு வந்தது. வடை கிடையாது, வாரம் ரெண்டு நாள் சாமை, ஆளுக்கு ஒரு கரண்டிச் சோறு.

வடை நின்ற திங்கட்கிழமை

வடையை நிறுத்தியதில் எனக்குச் சம்மதம்தான். அந்த எண்ணெயைத் தினம் பார்ப்பவள் நான். வெல்டர் செல்வராஜ் தட்டோடு வந்து நின்றார். இருபது வருஷ சர்வீஸ்.

"அக்கா, வடை எங்க?"

"உங்க சர்க்கரைக்காகத்தான் நிறுத்தியிருக்காங்க."

தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்குச் சர்க்கரைன்னு எங்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி வடைகிட்ட சொல்லிட்டீங்களா?"

மாடிச் சாப்பாடு

அன்றைக்கே பதினோரு மணிக்கு மாடியிலிருந்து போன். அதிகாரிகள் சாப்பிடும் அறைக்கு இருபது வடை வேண்டுமாம். அனுப்ப மாட்டேன் என்றேன். பர்சனல் மேனேஜர் வரதராஜன் இறங்கி வந்தார். ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர், சத்தம் போடத் தெரியாதவர். காகிதத்தை நீட்டி, "இதுல மாடின்னு தனியா எதுவும் போடலையே சார்" என்றேன். அடியில் இருந்தது அவர் போட்ட கையெழுத்துதான். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்போ தயிர்சாதமாவது ரெண்டு கரண்டியா போடுங்கோ மேடம்."

சாமை

முதல் நாள் சாமை கூழாகிவிட்டது. கிரேன் ஓட்டும் பொன்னுசாமி ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்தினார். பச்சைமலைக்காரர், சாமை விளைகிற வீட்டில் பிறந்தவர். எனக்குக் கோபம். "அப்ப நீங்களே வந்து ஆக்குங்க" என்றேன். மறுவாரம் ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து அண்டா முன்னால் நின்றார். தண்ணீரைப் பாதியாகக் குறைத்தார், கொதித்த பிறகுதான் சாமையைப் போட்டார், மூடி இறக்கினார். பருக்கை பருக்கையாக உதிர்ந்தது.

"நீங்க நோயாளிக்கு ஆக்குனீங்க. இது வேலை செய்றவங்க சாப்பாடு அக்கா."

கரண்டி

ஒரு மத்தியானம் செல்வராஜ் இன்னொரு கரண்டி சோறு கேட்டார். விதி என்று சொல்லி மறுத்தேன். மூன்று மணிக்கு வெல்டிங் ஷெட்டில் வேர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். முதலுதவி அறை நர்ஸ் ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தெளிய வைத்தார். சர்க்கரைக்குப் புதிதாக மாத்திரை போட்டுக்கொண்டு, போதாத சாப்பாட்டில் நெருப்பு முன்னால் நின்றால் ரத்தத்தில் சர்க்கரை இப்படித்தான் இறங்கிவிடும் என்றார் நர்ஸ். அந்தச் சோற்றை மறுத்தது காகிதம் இல்லை, என் கை.

ரெண்டு நாள் லீவு முடிந்து வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பெல்லாம் வேணாம்க்கா. கரண்டிய எங்கிட்ட குடுங்க."

மெமோ

கொடுத்துவிட்டேன். அன்று முதல் சோற்றுப் பாத்திரம் மேஜை நடுவில், சாப்பிடுகிறவர்களே போட்டுக்கொள்ளலாம்; பக்கத்தில் கீரையும் பொரியலும் ரெண்டு மடங்கு. யாருக்கு எவ்வளவு என்பதை அவரவர் வேலையையும் வியாதியையும் பார்த்து நர்ஸ் தனியாகச் சொல்வார். மூன்றாம் நாள் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நடந்ததை அப்படியே எழுதினேன். கடைசியில், "திரும்பவும் கரண்டியை என் கையில் கொடுத்தால் திரும்பவும் இதையே செய்வேன்" என்று முடித்தேன். நர்ஸும் கையெழுத்துப் போட்டார். ஒரு கரண்டி விதியை மாற்றிவிட்டார்கள். வடை மட்டும் திரும்பவில்லை, நானும் கேட்கவில்லை. என் பதிலை ஃபைலில் வைக்குமுன் வரதராஜன் கேட்டார்:

"அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துடலாமா மேடம், மேலே இருக்கறவா படிச்சா கோச்சுப்பா."

எடுக்கவில்லை. இந்தத் திட்டத்தில் இதுவரை எடை குறைந்திருப்பது என் ஒருத்திக்குத்தான், அதுவும் சண்டை போட்டே.