மட்டம் என்று முத்திரை குத்திய சங்கம்

துரை சிரிப்பை அடக்க மாட்டாமல் தேயிலைச் செடிகள் பக்கம் திரும்பிக்கொண்டார். அதோடு எங்கள் சங்கத்தின் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. இப்போது ஆண்டு விழா மலருக்கு அந்தச் சங்கத்தின் வரலாற்றை எழுதித் தரும் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். தலைவர் உரை, பொருளாளர் உரை எல்லாம் வேறு பக்கங்களில் ஒழுங்காக இருக்கும். நான் நடந்ததை எழுதுகிறேன். சங்கத்துக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் படித்துச் சிரித்து வயிறு வலித்தால் என்னைக் குறை சொல்லக்கூடாது.

என் பெயர் வசந்தா. எஸ்டேட் வொர்க்‌ஷாப்பில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். அந்த வேலையை விட்ட பிறகும் மலை முழுக்க எனக்குக் கிராணியம்மா என்றுதான் பெயர். கட்டுமான இயந்திரத் தயாரிப்பாளர் சங்கத்துக்கு முதல் செயலாளர் நான்தான். தயாரிப்பாளர் என்றதும் பெரிய தொழிற்சாலை என்று நினைத்துவிடாதீர்கள். தகரக் கூரை, வெல்டிங் செட், மழை பெய்தால் தரையெல்லாம் தண்ணீர், அவ்வளவுதான்.

சங்கம் ஏன் வந்தது

பெயருக்கு ஏழெட்டு உறுப்பினர்கள். சங்கத்தைத் தூக்கிச் சுமந்தது மூன்று பேர். ரிங்லெட்டில் மணியம் அண்ணன், சிமெண்டு கலக்கும் மிக்சர் செய்கிறவர். அவருக்கு நேர் எதிர்க் கடையில் ஆறுமுகம், மண் வாரும் இயந்திரங்களுக்கு பக்கெட் செய்கிறவர். இரண்டு பேரும் எஸ்டேட் வொர்க்‌ஷாப்பில் என் கண்ணெதிரே பிட்டர்களாக வளர்ந்தவர்கள். ஒருவர் வலது பக்கம் போகலாம் என்றால் மற்றவர் கட்டாயம் இடது பக்கம் போவார். மூன்றாவது ஆள் பிரிஞ்சாங் ஊர்ச் சீனர் லிம். எஞ்சினும் சங்கிலிச் சக்கரமும் அவருக்குக் கைவந்த கலை.

அந்த வருடம் விடாத மழை. தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துக்குப் போகும் ரோட்டோரம் மண் சரிந்துகொண்டே இருந்தது. தடுப்புச் சுவர் கட்டியாக வேண்டும். செடிகளுக்கு நடுவே உள்ள பாதையில் லோரி ஏறாது. கலந்த சிமெண்டை ஆட்கள் தோளில் சுமந்து வழுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள். மேட்டில் ஏறும் ஒரு குட்டி வண்டி வேண்டும் என்றார் துரை. துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, நம்மாள், தமிழ்ப் பள்ளியில் படித்த மேனேஜர். மூன்று பேரும் தனித்தனியாகப் போய் நின்றதும் அவருக்குத் தலைவலி வந்துவிட்டது.

"மூணு பேரும் மூணு கதை சொல்றீங்க. வண்டி நின்னு போச்சுன்னா நான் யாருக்கு போன் போடுறது? ஒரே ஆளா வாங்க, ஒரே பேர்ல வாங்க. இல்லாட்டி வெளியூர்லருந்து எறக்கிக்கிறேன்" என்றார்.

அதற்காகவே சங்கம் பிறந்தது. அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் சங்கம் இல்லை. ஆறுமுகம் வெல்டிங் வேலைக்குச் சிங்கப்பூர் போகப் பெட்டி கட்டியிருந்தார். மணியம் அண்ணன் கடையை விற்கப் பேசிக்கொண்டிருந்தார். பத்து வருடம் சண்டை போட்ட இரண்டு பேரும் ஒரே வண்டிக்கு வெல்டிங் வைத்தார்கள் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

லிம்முக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்

நாங்கள் செய்த வண்டியின் விசேஷம் அதன் தொட்டி. வண்டி எவ்வளவு சாய்வான மேட்டில் ஏறினாலும் தொட்டி மட்டும் சாயாமல் சமமாக நிற்க வேண்டும். அதனால் வொர்க்‌ஷாப்பில் நாள் முழுக்க ஒரே பேச்சு: "மட்டம் பாரு." ரசமட்டத்தில் குமிழி நடுவில் வந்து நின்றதும் மணியம் அண்ணன் "மட்டம்!" என்று கத்துவார். ஆறுமுகம்கூடப் பல்லைக் காட்டுவார். எல்லாருக்கும் டீ வரும்.

லிம் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தச் சொல்லைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள், டீயும் வருகிறது. ஆக மட்டம் என்றால் பிரமாதம் என்று அவரே முடிவு செய்துகொண்டார். எஸ்டேட்டிலும் தேயிலைச் செடியின் தலை சமமாக இருந்தால் மட்டம் என்றுதானே பாராட்டுவார்கள். அவர் சந்தேகப்பட வழியே இல்லை.

ஆறுமுகத்தின் மனைவி சாந்தி ஒருநாள் மதியம் கோழிக்கறி கொண்டுவந்தாள். லிம் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கினார்.

"அக்கா, கறி ரொம்ப மட்டம் லா!"

சாந்தி கரண்டியோடு நின்றுவிட்டாள். "ரெண்டு தட்டு தின்னுட்டு மட்டமாம் இல்ல? இனிமே இந்தத் தௌகே மொதலாளிக்குச் சோறு கெடையாது!"

லிம்முக்கு உண்மையைச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனசு வரவில்லை. கொஞ்ச நாளில் நாங்களும் அவர் மாதிரியே பேச ஆரம்பித்துவிட்டோம். புதுச் சட்டை மட்டம், மழை விட்டால் மட்டம், சாந்தி சமாதானமாகிக் கொண்டுவந்த கறியும் மட்டம். கேலியாகத் தொடங்கியது நாக்கில் ஒட்டிக்கொண்டது. வண்டிக்குப் பெயர் என்ன வைப்பது என்று கூட்டத்தில் கேட்டபோது லிம் "மட்டம்!" என்றார். எல்லாரும் கை தட்டினோம். சத்தியமாகச் சொல்கிறேன், அங்கே இருந்த ஒருவர் காதிலும் அது தப்பாக விழவில்லை.

வண்டி ஏறிய நாள்

துரையிடம் ஓட்டிக் காட்டும் நாள். தூறல், பனி. கொழுந்து எடுக்கும் பெண்கள் கூடையோடு வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். வண்டியின் பின்புறம் ஆறுமுகம் ஒரு தகர போர்டை அடித்திருந்தார். சிவப்பு எழுத்தில், குனியாமலே படிக்கும் அளவுக்கு: மட்டம்.

துரையோடு ஈப்போவிலிருந்து குமரேசன் என்ற கான்ட்ராக்டர் வந்திருந்தார். தடுப்புச் சுவர் கட்டப் போகிறவர், ஆகவே அவர் வாயில் வரும் வார்த்தைதான் முடிவு. அவர் வண்டியைச் சுற்றி வந்தார். போர்டுக்கு முன்னால் நின்றார். சத்தமாகப் படித்தார்.

"மட்டம்." மறுபடியும் படித்தார். "என்னா லா இது? மத்தவன்லாம் மட்டமான சாமானை நல்ல சாமான்னு சொல்லி விப்பான். நீங்க எழுதியே ஒட்டிட்டீங்களா?"

அப்போதுதான் எங்கள் காதில் உறைத்தது. கொழுந்துப் பெண்கள் கூடை குலுங்கச் சிரித்தார்கள். துரை செடிகள் பக்கம் திரும்பினார், தோள் மட்டும் ஆடியது. எனக்கு அப்படியே பனிக்குள் நடந்து போய்விடலாமா என்றிருந்தது.

"பேர் வச்சது இவருதாங்க" என்று மணியம் அண்ணன் ஆறுமுகத்தைக் காட்டினார்.

"நானா? அண்ணே, நீங்கதானே கூட்டத்துல மொதல்ல கை தட்டுனீங்க!"

லிம்முக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாரும் சிரிக்கிறார்கள், ஆக எல்லாம் நன்றாகப் போகிறது. "மட்டம்! மட்டம்!" என்று அவரும் சிரித்தார். குடித்துக்கொண்டிருந்த டீயை, சிமெண்டு விளிம்பு வரை நிறைந்திருந்த தொட்டியின் ஓரத்தில் வைத்தார். எஞ்சினைத் தட்டிவிட்டு வண்டியோடு நடந்தார்.

வண்டி ஏறியது. சங்கிலி மண்ணைக் கடித்துக்கொண்டு முக்கி முக்கி ஏறியது. வண்டியின் உடம்பு மல்லாந்தது, தொட்டி அசையவில்லை. சிரிப்புச் சத்தம் மெல்லக் குறைந்தது. சுவர் கட்டும் இடம் வந்ததும் லிம் ஒரு கையை உயர்த்தினார். எங்களைப் பார்த்துக் கை ஆட்டுகிறார் என்று நினைத்துக் கை தட்டினோம். பிறகுதான் கவனித்தோம், அந்தக் கையில் பிரேக் கைப்பிடி தனியாக இருந்தது.

வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. மனிதன் நடக்கும் வேகம்தான், பின்னால் நடந்தே போகலாம். ஆனாலும் எல்லாரும் ஓடினோம். துரை ஓடினார், கான்ட்ராக்டர் ஓடினார், கொழுந்துப் பெண்கள் கூடையோடு ஓடினார்கள்.

"சுவிட்சை அமத்துங்க!" என்று கத்தினேன்.

"சுவிட்ச் எங்க இருக்கு?" என்றார் துரை.

ஆறுமுகம் தலையில் கை வைத்தார். "போர்டுக்குப் பின்னால!"

வண்டி லயத்துக்குள் நுழைந்தது. கீரைப் பாத்தியை மிதித்தது, ஒரு துணிக்கொடியை இழுத்துக்கொண்டது, யாருடைய சாரோங்கோ எஞ்சினுக்கு மாலையாக விழுந்தது. அது நேராகக் கோயிலை நோக்கிப் போனது. மணியம் அண்ணனும் ஆறுமுகமும் ஆளுக்கொரு முனையாக போர்டைப் பிடித்துத் தொங்கினார்கள். இரண்டு பேரும் ஒரே பக்கம் இழுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன். போர்டு பிய்ந்து வந்தது. லிம் கையை உள்ளே விட்டு சுவிட்சை அமத்தினார். வண்டி கோயில் படிக்கு முன்னால் தும்மிவிட்டு நின்றது.

குமரேசன் மூச்சு வாங்க வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். சிமெண்டு விளிம்போடு அப்படியே இருந்தது. டீ கிளாஸ் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. லிம் அதை எடுத்து, ஒரு வாய் குடித்து, ஆறிவிட்டது என்பதுபோல் முகம் சுளித்தார்.

"மட்டமாத்தான் லா இருக்கு" என்றார் குமரேசன். இந்த முறை சிரிக்கவில்லை.

துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வண்டி மட்டம், பிரேக்குதான் மோசம். அதைச் செஞ்சிட்டு வாங்க. பேரை மாத்தாதீங்க, இந்த ஜென்மத்துக்கு மறக்காது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். சாரோங்குக்காரி வந்து என்னைத் திட்டியதுகூட இனிப்பாக இருந்தது.

பேர் வைத்தது யார்

ஆறுமுகம் சிங்கப்பூர் போகவில்லை. சுவர் எழும்பியது. குமரேசன் பிறகு எனக்கு போன் செய்யும்போதெல்லாம் "கிராணியம்மா, அந்த மட்டமான மெஷின் இன்னொன்னு வேணும்" என்பார். சங்கத்தின் எந்த உறுப்பினர் செய்த பொருளும் சோதனை முடிந்த பிறகே மட்டம் என்ற முத்திரையோடு வெளியே போகும். கூட்டத்தில் முதலில் எழுதிய விதி இன்றும் மாறவில்லை: பேரை எங்கே வேண்டுமானாலும் போடலாம், சுவிட்சுக்கு மேலே போடக்கூடாது. என் பணி அனுபவத்தில் நான் கற்றது இதுதான். இயந்திரத்துக்கு மட்டும் சொல்லவில்லை.

வரலாறு எழுதுகிறேன் என்று தெரிந்ததும் மணியம் அண்ணன் வந்தார். "பேர் வச்சது நான்தான்னு போட்டுரு." அவர் போனதும் ஆறுமுகம் வந்தார், அவருக்கும் அதே வேண்டுகோள். இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். வாசகர்களுக்கு உண்மை தெரியும்.

போன வருடம் ஆண்டு விழா விருந்து. நெளிந்த அந்த போர்டை மேடையில் மாட்டியிருந்தோம். லிம்மைப் பேசக் கூப்பிட்டார்கள். இத்தனை வருடத்தில் அவருக்கு உண்மையை யாரும் சொல்லவில்லை. மைக்கைப் பிடித்தார், தொண்டையைச் செருமினார், தமிழில் பேசினார்.

"நம்ம சங்கம்," என்றார், "ரொம்ப, ரொம்ப மட்டம்!"

கிள்ளானிலிருந்து வந்திருந்த விருந்தாளிகள் திகைத்துப் போய் எங்களைப் பார்த்தார்கள். மண்டபம் முழுக்க எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தது. முதல் ஆளாக எழுந்தவள் சாந்தி.