ஒஸ்தா வீட்டுச் சட்டம்

கல்முனைப் பக்கத்தில் அச்சிமுகம்மதுவைப் பார்த்துப் பயப்படாத ஆண்பிள்ளை கிடையாது. அவர் ஒஸ்தா, பையன்களுக்குச் சுன்னத்து வைப்பவர். ஐம்பத்துநாலாம் ஆண்டோடு அந்தத் தொழிலில் இருபத்தைந்து வருஷம். தெருவில் அவர் தலை தெரிந்தால் மீசை முளைத்தவன்கூடத் தன்னையறியாமல் இடுப்புச் சாரனை இறுக்கிக்கொள்வான். ஆனால் கலியாண வீட்டில் அவரை ஒருவரும் பக்கத்தில் உட்கார்த்துவதில்லை. கத்தி வேண்டும், கத்தி பிடித்தவன் வேண்டாம். ஊரின் நியாயம் அவ்வளவுதான்!

சுன்னத்து நாளில் ஆண்கள் ஸலவாத்து ஓதுவார்கள், பெண்கள் குரவை இடுவார்கள், முற்றத்தில் சீனவெடி வெடிக்கும். பையன் அழுவது வெளியே கேட்கக்கூடாது, அதற்குத்தான் இத்தனை அமளியும். உள்ளே நடந்ததைப் பற்றி அச்சிமுகம்மது வெளியில் மூச்சு விட்டதில்லை. யார் உம்மாவைக் கூப்பிட்டான், யார் அவருடைய தாடியைப் பிடித்துத் தொங்கினான் என்பதெல்லாம் அவரோடு கபுறுக்குழிக்குப் போகவேண்டிய சங்கதிகள். காயத்தில் அப்பும் சாம்பல் கிண்ணத்தைப் பிடிக்க வரும் மகன் நூஹுவுக்கும் அதே சட்டம்தான்.

அந்த நூஹு ஒரு நாள் கிழிந்த சட்டையும் வீங்கிய உதடுமாக வந்து, இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று குப்புறப் படுத்துவிட்டான்.

"ஆரு மனெ அடிச்ச?" என்று கேட்டாள் அவனுடைய உம்மா கைருன்னிஸா.

"ஹமீட். ரெண்டு மாசமா அடிக்கான்."

அப்துல் ஹமீட், ஊர்ப் போடியாரின் மகன். ஊரில் பாதி வயல் அவன் வாப்பாவுடையது. வாத்தியார்மாருக்குப் புதுநெல் அந்த வீட்டிலிருந்துதான் வரும், ஆகவே அவர்களுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை.

ரெண்டு மாதம் என்றதும் அச்சிமுகம்மதுவுக்கு விளங்கிவிட்டது. விருந்தைப் பெரிதாக வைக்கவேண்டும் என்று மூன்று போகம் தள்ளிப்போட்டு, பன்னிரண்டு வயதில்தான் ஹமீடைக் கொண்டுவந்து உட்கார்த்தினார் போடியார். அவன் கன்றுக்குட்டி மாதிரிக் கத்தினான். சாம்பல் கிண்ணத்தோடு நின்ற நூஹு அதைக் கேட்டான். கேட்டவன் தினமும் வகுப்பில் பக்கத்து வாங்கில் இருந்தால் போடியார் மகனுக்கு நிம்மதி ஏது?

"அடிக்கக்குள்ள நீ அதச் சொல்லியிருந்தா அவன் வாய மூடியிருப்பானே, மனெ?"

"நீங்கதானே வாப்பா சொல்லப்படாது எண்டீங்க."

அச்சிமுகம்மதுவுக்குத் தொழில் மரியாதை எல்லாம் மண்ணாங்கட்டி என்று தோன்றியது. பிள்ளையின் படிப்பு போகப்போகிறது. நாளைக்கே போய் ஹமீட் கத்திய கதையை எல்லார் முன்னாலும் அவிழ்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

மறுநாள் இடைவேளையில் அவர் பள்ளிக்கூட முற்றத்தில் கால் வைத்ததுமே பையன்கள் பத்தடி விலகினார்கள். ஹமீடால் நகர முடியவில்லை. அன்றைக்கு உட்கார்த்தி வைத்தபோது இருந்த அதே முகம், அதே உலர்ந்த உதடு. பாவி, எத்தனை நாளாகப் பயந்து செத்தானோ! அவர் மனம் இளகிவிட்டது.

"எல்லாரும் கேளுங்கடா. இந்த ஊரில ஆகப் பெரிசா அழுதவன் ஆரெண்டு சொல்லப்போறன்."

ஹமீட் கண்ணை மூடிக்கொண்டான்.

"நான்தான்! என்ட வாப்பாதான் ஒஸ்தா. அவர்ர கையக் கடிச்சிப்போட்டு வேலி பாஞ்சி ஓடினன். கடற்கரையிலதான் புடிச்சாங்க."

முற்றமே சிரித்து உருண்டது. ஹமீட் மட்டும் சிரிக்கவில்லை. அவர் திரும்பி நடந்தபோது வாசல் படலை வரைக்கும் பின்னால் வந்தான்.

"மாமா, நூஹு ஒருத்தரிட்டயும் சொல்லல்லையா?"

"நீ சட்டையக் கிழிச்ச நேரமும் சொல்லல்ல. ஏன்டா சொல்லல்ல எண்டு நான் கேட்டதுக்கும் சொல்லப்படாது எண்டான்."

அடுத்த நாள் காலையில் ஒஸ்தா கதவைத் திறந்தார். வாசலில் ஹமீட் நின்றான். அவரைக் கண்டதும் பழக்கதோஷத்தில் இரண்டடி பின்வாங்கி, சாரனைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"நூஹு பள்ளிக்கூடத்துக்கு வாறானா, மாமா?"