பாதி மாத்திரை

எங்கள் வீட்டு மருந்து டப்பாவில் ஒரு பாக்குவெட்டி கிடக்கிறது. பழைய பிஸ்கட் டப்பா அது. தலைவலித் தைலம், காய்ச்சல் மாத்திரை, என்னுடைய சர்க்கரை மாத்திரை அட்டை, எல்லாவற்றுக்கும் அடியில் அது. எங்கள் வீட்டில் வெற்றிலை போடுகிறவர் யாரும் இல்லை. வந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டு, "இது இன்னாத்துக்கு இங்க?" என்று கேட்டால், "கெடக்கட்டும் வுடுங்க" என்று டப்பாவைப் பிடுங்கி மூடிவிடுவேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், இதைக் கேட்டால் இன்னும் சட்டென்று வரும். அது என் அப்பாவுடையது. அப்பாவுக்குப் பிறகு திண்டிவனத்தில் அண்ணன் வீட்டில் இருந்தது. அண்ணன் ஒருநாளும் பாக்கு போட்டதில்லை. அவர் அதில் வெட்டியது மாத்திரை.

அண்ணன் திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்றார். நின்றார் என்று சும்மா சொல்லவில்லை. ஜவுளிக்கடை வேலை என்றால் காலையில் கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை நிற்பதுதான். அவர் புடவையை உதறி விரிக்கும் அழகுக்காகவே அவரிடம் வந்து கேட்பவர்கள் இருந்தார்கள். தோளில் ஒரு முந்தானையைப் போட்டுக்கொண்டு, "அம்மா, இந்தக் கலர் உங்களுக்குன்னே தறியில ஏத்தனதுங்க" என்பார், கல்யாணப் பெண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும் அதே வார்த்தை. வியாபாரம் விழுந்ததை எங்களுக்கு முதலில் சொன்னவரும் அவர்தான். "நாட்டு நெலவரம் தெரியணும்னா டிவி பாக்காத பாப்பா, எங்க கடைல வந்து நில்லு. முன்ன பட்டு கேட்டவங்க இப்ப பட்டு மாதிரி கேக்கறாங்க. பட்டு மாதிரி கேட்டவங்க வெலய மட்டும் கேட்டுக்கினு போறாங்க" என்று சிரித்தார். என்னை அவர் கடைசிவரை பாப்பா என்றுதான் கூப்பிட்டார். கொஞ்ச நாளில் அவர் சம்பளமும் பாதியானது. வேலையும் வாரத்தில் சில நாட்கள்தான் என்றார்கள். மற்ற நாட்களிலும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடை வாசலில் போய் நிற்பார், கூட்டம் வந்தால் உள்ளே கூப்பிடுவார்களே என்று.

விழுப்புரத்தில் எங்கள் கதை மட்டும் வேறா? என் வீட்டுக்காரர் வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவர். கட்டுகிற வீடுகள் எல்லாம் பாதிச் சுவரோடு நின்றுபோனால் ஒயரை எங்கே இழுப்பது? நானும் முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு சிக்கனத்தில் இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி கோழியானது, கோழி முட்டையானது, முட்டை கருவாடானது. பள்ளிக்கூட வேன் நின்று, மகள் டவுன் பஸ்ஸில் போனாள். பால் பாக்கெட்டில் தண்ணீர் ஊற்றி ஊற்றி, காப்பி குடிக்கிறோமா கழுவின டம்ளரைக் குடிக்கிறோமா என்று தெரியாமல் போனது. என் மாமியார் தினமும், "விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும்" என்பார். சரிதான் என்பேன். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு விரல் மட்டும் யாருக்கும் சிறுக்காது. வாயைக் கட்டுவோம், வயிற்றைக் கட்டுவோம், சீரில் மட்டும் கை வைக்க மாட்டோம்.

அந்த நேரம் பார்த்து என் மகள் வயசுக்கு வந்தாள். மகிழ வேண்டிய விஷயம், ஆனால் எனக்கு முதலில் அண்ணனின் பாதிச் சம்பளம்தான் நினைவுக்கு வந்தது. மஞ்சள் நீராட்டு என்றால் தாய்மாமன் சீரோடு வந்து நிற்க வேண்டும். பட்டு, வளையல், பழம், பூ என்று தட்டுத் தட்டாக, ஒற்றைப்படையில், மேளத்தோடு வரவேண்டும். அதிலும் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு அளவுகோலை நட்டு வைத்திருந்தோம். நல்ல காலத்தில் என் வீட்டுக்காரர் தன் தங்கை மகளுக்கு டெம்போ நிறையச் சீர் கொண்டுபோனவர். நானும்தான் தலையில் தட்டை வைத்துக்கொண்டு தெரு முழுக்க நடந்தேன், பார்க்காதவர்களும் பார்க்கட்டும் என்று. இப்போது என் அண்ணன் முறை. "வீட்டோட தண்ணி ஊத்திக்கலாம்" என்று நான் சொன்னதும் மாமியார், "மாமன் சீரு வர்லன்னா சபைல நம்ம மூஞ்சிய எங்க வச்சிக்கறது?" என்றார். வீட்டுக்காரர் நல்லவர், ஆனால் அவரும், "வேணாம்னு நாமளே சொன்னா உங்கண்ணனுக்கு வக்கில்லன்னு சொன்ன மாதிரி ஆயிடும்" என்றார். யாரைத் திட்டுவது? எல்லாரும் நியாயம்தான் பேசினார்கள்.

நேரிலேயே சொல்லிவிடலாம் என்று ரயிலேறித் திண்டிவனம் போனேன். அண்ணன் மகள்தான் கதவைத் திறந்தாள், அண்ணன் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். சாப்பாடு என்ன, ஒரு கிண்ணம் கேப்பைக் கூழும் ஒரு பச்சை மிளகாயும். சாப்பிட்டு முடித்தவர் ஜன்னல் மேலிருந்து அப்பாவின் பாக்குவெட்டியை எடுத்தார். அட்டையிலிருந்து சர்க்கரை மாத்திரை ஒன்றைப் பிதுக்கி, அதன் வாயில் வைத்து, சின்னதாக ஒரு அழுத்து அழுத்தினார். ஒரு பாதியை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். இன்னொரு பாதியைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கொட்டிய தூளைக்கூட விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார்.

"இன்னாண்ணா இது?" என்றேன்.

"சோத்தப் பாதியாக்கிட்டேன், மாத்திரையும் பாதி போதும்ல?" என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். கேப்பைக்குச் சர்க்கரை ஏறாது, சோறு தின்றால்தானே முழு மாத்திரை வேண்டும் என்று எனக்கே புரியவைக்கப் பார்த்தார். ஆயுசுக்கும் துணி கிழித்துக் கொடுத்தவர், அளவு குறைந்தால் துணி குறையும் என்பது அவர் கணக்கு. "டாக்டர் சொன்னாரா?" என்றால், "அவருக்கும் இதான் தெரியும்" என்று மழுப்பினார். சமையலறையில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர்கிட்ட போறதையே நிறுத்திட்டாரும்மா. நான் சொன்னா கேக்கறாரா? நீயாவது சொல்லு" என்று கண்ணைத் துடைத்தார்.

சொன்னேன். கத்தியே சொன்னேன். "கவர்மெண்ட் ஆஸ்பத்திரில சும்மாவே குடுக்கறாங்களேண்ணா, போய் வாங்கிக்கினு வந்தா இன்னா?" என்றேன். "நம்ம மாத்திரையெல்லாம் அங்க இருக்காது பாப்பா. அதுவுமில்லாம நான் கியூவுல நிக்கற நேரத்துல கடைல கூப்புட்டா? வாசல்ல நான் இல்லன்னா வேற ஆளு உள்ள பூந்துடுவான்" என்றார். சரி, சீராவது வேண்டாம் என்று ஆரம்பித்தேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் முகம் மாறிவிட்டது. "எனக்கு இருக்கறது ஒரே தங்கச்சி. அவ பொண்ணுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன்?" என்றார். அவர் என்னை வையவில்லை, அடிக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையில் என் வாயை அடைத்துவிட்டார். திரும்பும்போது ஸ்டேஷன் பக்கம் இருந்த மருந்துக்கடையில், கையிலிருந்த காசுக்கெல்லாம் அவர் மாத்திரையே வாங்கினேன். மறுபடி வீட்டுக்குப் போய் அண்ணி கையில் கொடுத்து, முழுசாகப் போடச் சொல்லுங்கள் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ரயிலேறினேன். ஏதோ செய்துவிட்டோம் என்று மனசு கொஞ்சம் அடங்கியது.

விழாவன்று தெருமுனையில் மேளம் கேட்டது. அண்ணன் வந்துவிட்டார். தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. மயில்கழுத்து நிறத்தில் பட்டுப்பாவாடை, அதே நிறத்தில் கண்ணாடி வளையல், குலை குலையாக வாழைப்பழம், எங்கள் ஊர் மண்ணின் பெருமைக்கு ஒரு கூடை மல்லாட்டை என்கிற வேர்க்கடலை. மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சொந்தக்காரப் பெண்கள், "மாமன்னா இப்படி இருக்கணும்" என்றார்கள். அந்த நேரத்தில் எனக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்தது. அண்ணன் காலில் ஷூ போட்டிருந்தார். வாழ்நாளில் செருப்பைத் தவிர ஒன்றும் போட்டறியாதவர். "மாப்பிள்ளையாட்டம் ஷூ போட்டுக்கினு வந்துட்டாரு மாமா" என்று பிள்ளைகள் கேலி செய்ய, "கடைல இனிமே ஷூதான்னுட்டாங்கப்பா" என்று சிரித்தார். பந்தலுக்குள் வரும்போது ஷூவைக் கழற்றினார், காலுறையைக் கழற்றவில்லை. மகளுக்கு மாலை போட்டார். அவள் குனிந்து காலைத் தொடப் போனாள். விசுக்கென்று வலது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். போட்டோவில்கூட அது அப்படியே விழுந்திருக்கிறது. மகள் குனிந்திருக்கிறாள், அவர் ஒரு காலில் நிற்கிறார், கையில் அட்சதை.

எல்லாரும் போன பிறகு அண்ணி அந்தக் காலுறையை நனைத்து நனைத்துத்தான் கழற்ற முடிந்தது. புண் எப்போது வந்ததென்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. வலிக்கவே இல்லையாம். மறுநாளே பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர்கள் பாவம், பைசா கேட்கவில்லை, பார்க்க வேண்டியதைப் பார்த்தார்கள். ஆனால் காலம் கடந்திருந்தது. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே. அங்கே படுத்திருந்தபோது நர்ஸ் கொடுத்துவிட்டுப் போன மாத்திரையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதே மாத்திரதான் பாப்பா. இதேதான் அது" என்றார். நான் வெளியே ஓடிப்போய்த் தூணில் சாய்ந்து அழுதேன். நான் வாங்கிக் கொடுத்த மாத்திரை என்னவானது என்று அண்ணி அங்கேதான் சொன்னார். அட்டை பிரிக்காமல் இருந்ததால் மருந்துக்கடையில் திருப்பி எடுத்துக்கொண்டார்களாம். அந்தப் பணம்தான் மகள் கையிலிருந்த கண்ணாடி வளையல். அதில் பாதி அன்றைக்கே உடைந்துவிட்டது.

நின்று சம்பாதித்தவருக்கு நிற்க முடியாமல் போனால் என்ன மிச்சம்? பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது. அடுத்த முகூர்த்தக் காலம் வருவதற்குள் அண்ணன் போய்விட்டார். காரியம் முடிந்து புறப்படும்போது ஜன்னல் மேலிருந்த பாக்குவெட்டியைக் கேட்காமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த வீட்டில் அது இனி இருக்கக் கூடாது என்று தோன்றியது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, அப்பாவும் அண்ணனும் தொட்டதாயிற்றே.

இப்போது எனக்கும் சர்க்கரை. நான் அரசு ஆஸ்பத்திரியில்தான் வாங்குகிறேன். மாத்திரை சும்மாதான், போய்வருகிற நாள்தான் சும்மா இல்லை. நான் வேலை பார்க்கும் மளிகைக் கடையில் ஒருநாள் வராவிட்டால் ஒருநாள் சம்பளம் போச்சு. வீட்டுக்காரருக்கும் மறுபடி வேலை படுத்துவிட்டது. மறுபடி கருவாடு, மறுபடி தண்ணீர்க் காப்பி. இந்த நேரத்தில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. நான்தான் அத்தை, இந்தச் சீர் என் முறை. அண்ணி காலையில் போன் செய்தார். "நீ ஒண்ணும் செய்யக் கூடாதும்மா. அவரு மேல சத்தியமா சொல்றேன். வெறுங்கையோட வந்து பொண்ணு பக்கத்துல நில்லு, போதும்" என்றார். சரி அண்ணி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எனக்கு இருந்தது ஒரே அண்ணன். அவரு பொண்ணுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன்?" என்றேன்.

அந்தப் பக்கம் அண்ணி அழுவது கேட்டது. போனை வைத்துவிட்டு டப்பாவைத் திறந்தேன். அட்டையில் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் சம்பளம் பிடிப்பார்கள், கல்யாணத்துக்கு வேறு லீவு வேண்டும். பாதி பாதியாகப் போட்டால் கல்யாணம்வரை தாங்கும் என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது, நான் கேட்கவேயில்லை. பாக்குவெட்டி அடியில் கிடந்தது. கையில் எடுத்தேன், திறந்தேன், மூடினேன், திரும்ப உள்ளே வைத்தேன். இன்றைக்கு முழு மாத்திரை போட்டுக்கொண்டேன்.