சுத்தத்துக்குப் பரிசு

மகளின் தடித்த டயர் சைக்கிளுக்கு மட்கார்டு வாங்க, கொடைக்கானலில் பாயின் சைக்கிள் கடைக்குப் போயிருந்தேன். "ஒல்லியா போட்டா மழையில முதுகெல்லாம் சேறுதாங்க" என்றார்.

ஆறாம் வகுப்பில் எனக்குச் சுத்தமான மாணவன் பரிசு. பரிசளிப்பு விழா அன்று மழையில் மட்கார்டு இல்லாத சைக்கிளில் போனதால், வெள்ளைச் சட்டையின் முதுகில் இடுப்பிலிருந்து கழுத்துவரை செம்மண் கோடு. சிறப்பு விருந்தினர் பார்த்துவிடக் கூடாதென்று, சான்றிதழை வாங்கிக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்தேன். பின்னால் வகுப்பே சிரித்தது.

"ஏலே, எம்புட்டு மரியாத! இங்க வாப்பா" என்று அவர் என்னை இழுத்து அணைத்து, முதுகில் பலமாகத் தட்டிக்கொடுத்தார்.

பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார். என் சான்றிதழை வாங்கி, இன்னொரு முறை படித்துப் பார்த்தார்.

"பாய், இருக்கறதுலயே அகலமானத எடுங்க" என்றேன்.