குத்துச்சண்டை மேடைக்கு ஒரு ஊதல் பெட்டி

சால்டரிங் அயர்னின் நுனியை ஈரத்துணியில் துடைத்துவிட்டு, அந்தக் கைகள் இரண்டாவது டிரான்சிஸ்டரின் மூன்று கால்களையும் விரித்து வைத்தன. ஈயம் உருகிப் பரவியது. இடது கட்டைவிரலில் பழைய தீக்காயத்தின் மேலேயே புதியது ஒன்று இருந்தது. ஊதி ஆற்றும் பழக்கம் அந்தக் கைகளுக்கு உரியவருக்கு இல்லை. ஆறும்வரை சும்மா இருந்தார்.

இக்னேஷியஸ் பகலில் துறைமுகத்து கிரேன்களுக்கு மின்வேலை பார்ப்பவர். ஐ.சி. என்னும் மின்னணுச் சில்லு வேலையை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. கம்பெனிகள் அச்சடித்த விவரத்தாள்களைப் படித்தார். புரியாத இடத்தை மறுபடியும் படித்தார்.

வியாசர்பாடி குத்துச்சண்டை கிளப்புக்கு அவர் செய்த பெட்டியில் இரண்டு பாகம். கடிகாரம் ஒன்று, ஊதல் ஒன்று. ரவுண்டு முடிந்ததும் கடிகாரம் ஊதலுக்குக் கட்டளை கொடுக்கும். ஊதல் ஐ.சி.யில் எனேபிள் என்று ஒரு கால் உண்டு. அதில் போதிய வோல்ட் வந்தால்தான் அது வாயைத் திறக்கும். ராயபுரத்து வீட்டு மேசையில் இரண்டு பாகமும் ஐந்து வோல்ட்டில் ஒழுங்காக ஓடின.

கிளப்பில் நேரம் பார்க்கும் அமீர் வந்து கேட்டான். "இன்னாண்ணே, கொசு கத்துற மாதிரி கீது? மைதானத்துல எவனுக்குக் கேக்கும்?"

இக்னேஷியஸ் ஊதலை மட்டும் பன்னிரண்டு வோல்ட் லாரி பேட்டரிக்கு மாற்றினார். எனேபிள் காலைக் கம்பியால் பேட்டரியில் தொட்டுப் பார்த்தார். தெருவே திரும்பிப் பார்த்தது. திருப்தியுடன் மூடியைத் திருகினார். கடிகாரத்தோடு சேர்த்து ஓட்டிப் பார்க்கவில்லை.

போட்டியன்று ஊதல் ஊதவில்லை. நடுவர் ஊதலுக்குக் காத்திருந்தார். அமீர் பழைய வெண்கல மணியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்ததால் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். மேடையில் இருந்த கிளப்பு வீரன் குமாரவேலுக்கு ரவுண்டின் நீளம் உடம்பிலேயே பதிந்திருந்தது. முடிந்துவிட்டது என்று கைகளை இறக்கினான். எதிராளிக்கு அப்படி எதுவும் பதிந்திருக்கவில்லை. குமாரவேலின் காது பன் அளவுக்கு வீங்கியது. எப்படியோ புள்ளிக்கணக்கில் ஜெயித்தான்.

தவறு எளிதானது. கடிகாரத்து ஐ.சி. கொடுப்பது மூன்றரை வோல்ட். ஐந்தில் ஓடிய ஊதலுக்கு அது போதும். பன்னிரண்டில் ஓடும் ஊதல் எட்டு வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் கட்டளை என்று மதிக்கும். எனவே இடையில் ஒரு டிரான்சிஸ்டர் வைத்தார். அது வோல்ட்டை உயர்த்தியது. ஆனால் 'ஊது' என்பதை 'ஊதாதே' என்று கட்டளையைத் தலைகீழாக்கியது. அதை நேராக்கத்தான் இந்த இரண்டாவது.

ஈயம் ஆறியபோது அமீர் உள்ளே வந்தான். பின்னாலேயே குமாரவேலின் அம்மா பூவம்மா. வியாசர்பாடியில் இட்லிக்கடை வைத்திருப்பவர். இறுதிப் போட்டியில் ஜெயித்தால் மகனுக்கு ரயில்வேயில் வேலை என்று பேச்சு இருந்தது. பெட்டியைத் தான் பார்த்துச் சரி என்றால்தான் அவன் மேடை ஏறுவான் என்று பூவம்மா கிளப்பில் சொல்லியிருந்தார்.

இக்னேஷியஸ் ஓட்டிக் காட்டினார். ஊதியது.

"சரி அண்ணாத்த. இந்தக் கடியாரம் நடுவுல செத்துப்போச்சுன்னா?" என்றார் பூவம்மா.

"ஊதல் சும்மா இருக்கும்மா. தப்பா ஊதாது."

"சும்மா கீறதுக்கா இதச் செஞ்ச? அது சும்மா கீற வரைக்கும் எம்புள்ள அடி வாங்கிகினே இருப்பானா?"

"இவுங்க கடையில இட்லி வேவலன்னா கூட இப்படித்தான்" என்றான் அமீர். "அடுப்ப நிக்க வச்சுக் கேள்வி கேப்பாங்க."

"நீ வாய மூடு. மணிய வூட்ல வச்சுட்டு வந்தவன்தானே நீ?"

இக்னேஷியஸ் ஈயத்தை உருக்கி இரண்டாவது டிரான்சிஸ்டரைக் கழற்றினார். கடிகாரத்து ஐ.சி.யில் நேர்மாறான கட்டளை தரும் கால் ஒன்று உண்டு. மிச்சமிருந்த டிரான்சிஸ்டரின் கம்பியை அதற்கு மாற்றினார். இனி ரவுண்டு முடியும்வரை கடிகாரம்தான் ஊதலின் வாயைப் பொத்திப் பிடித்திருக்க வேண்டும். அந்தக் கை நழுவினால் பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட் நேரே எனேபிள் காலுக்குப் போகும். ஓடவிட்டு, கடிகாரத்தின் கம்பியைப் பிடுங்கினார். அலறியது. அமீர் காதைப் பொத்தினான். பூவம்மா பொத்தவில்லை.

"பேட்டரியே பூட்ச்சுன்னா?"

அந்தக் கேள்விக்கு எந்த விவரத்தாளிலும் பதில் இல்லை. இக்னேஷியஸ் துளைக்கருவியை எடுத்தார். பெட்டியின் பக்கவாட்டில் துளை போட்டுக் கொக்கி ஒன்றைத் திருகினார்.

"அமீரு, மணி எங்க?"

இந்தத் தடவை பையில் இருந்தது. கொக்கியில் மாட்டினார். பூவம்மா ஒருமுறை அடித்துப் பார்த்து, இட்லிப் பானை கொதிக்கும் சத்தத்தைச் சோதிப்பதுபோல் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

"இது சரி" என்றார்.

இக்னேஷியஸ் மூடியைத் திருகி, பெட்டியைத் துடைத்து அமீரிடம் நீட்டினார். பூவம்மா குறுக்கே கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.