பூட்ஸ் காலுக்குக் கட்டிய வேட்டி

1994 மே 24, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு பத்து. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை, அந்நேரத்திலேயே புழுக்கம். திருவண்ணாமலையில் ஒரு தியேட்டருக்கு நான் மேனேஜர். புதுப் படத்தின் போஸ்டரை அப்போதுதான் மேசையில் விரித்தேன். கதாநாயகன் ஒரு மலையின் உச்சியில் பூட்ஸ் காலைத் தூக்கி வைத்து நின்றான்.

வரைந்தவரைக் குறை சொல்ல முடியாது. மலை என்றால் தடை, அதன்மேல் கால் என்றால் வெற்றி, பின்னால் சிவந்த வானம் கோபம். மற்ற ஊர்களில் அவ்வளவுதான் பொருள். எங்கள் ஊரில் மலையே சாமி. அன்று பௌர்ணமி வேறு. சாயங்காலம் ஊர் கொள்ளாத கூட்டம் வெறுங்காலோடு மலையைச் சுற்றும். அந்தப் பாதைக்கு மட்டும் அறுபது போஸ்டர்கள் முந்தின நாளே போயிருந்தன. யாராவது ஒருவருக்குக் கோபம் வந்தால் போதும், தியேட்டர் கண்ணாடியோடு என் வேலையும் போகும்.

ஆட்டோ பிடித்து ஓடினேன். போஸ்டர் ஒட்டுபவர் மலை சுற்றும் பாதையில், அடி அண்ணாமலை ஊர்ப்பக்கம், பசை வாளியைக் கீழே வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“கால் எங்க இருக்குனு பாத்தீங்களா? பாக்காமயே ஒட்டிட்டீங்களா?” என்று கத்தினேன்.

“இருவது வருசமா மூஞ்சியப் பாத்து ஒட்றேன், காலப் பாக்க மாட்டனா சார்? திரும்பிப் பாருங்க. வேட்டி கட்டி வுட்டுட்டேன்.”

தியேட்டர் பெயரும் காட்சி நேரமும் அச்சிட்ட வெள்ளைத் துண்டுத்தாளை வழக்கமாக அடியில் ஒன்றுதான் ஒட்டுவார். அன்று இடுப்பிலிருந்து கீழே இரண்டு ஒட்டியிருந்தார். பூட்ஸும் இல்லை, தாளில் மலையும் இல்லை. சுவருக்குப் பின்னால் நிஜ மலை எழுந்து நின்றது. அதன் கீழே கதாநாயகன் சின்னப் பையனாகத் தெரிந்தான்.

“துண்டு ஜாஸ்தி செலவாயிடுச்சு. மொதலாளி திட்டினா நீங்க வாங்கிக்கங்க சார்.”

நம்பாமல் பாதை முழுக்கப் போய் எண்ணினேன். அறுபதிலும் வேட்டி இருந்தது. அறுபதாவதன் முன்னால் ஆட்டோவை நிறுத்தி, ஓட்டுநர் பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல் சிரித்துவிட்டேன். அதுவரை போஸ்டரில் முகங்களை எண்ணுவேன், எழுத்தின் அளவைப் பார்ப்பேன். அதற்குப் பிறகு எந்த போஸ்டர் வந்தாலும் காலிலிருந்துதான் பார்க்கத் தொடங்குகிறேன்.

ஊருக்குள் ஒட்டத் துண்டு போதவில்லை. முதலாளியிடம் சொல்லாமல் நானே மறுபடி அச்சடித்தேன். ஆட்டோவும் டீயும் சேர்த்து, என் கையிலிருந்து நூற்று முப்பத்தேழு ரூபாய்.