சிலையின் முதுகுக்கு ஐந்து படங்கள்

ஒரு மனிதரின் சிலையைப் படமெடுத்தால் அது யாருடைய படம்? அந்த மனிதருடையதா, சிற்பியுடையதா, எடுத்தவருடையதா? எனக்கு விடை தெரியாது. நான் வேலை பார்க்கும் கல்லூரிக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை விட்டதும் கல்கத்தாவுக்குக் கிளம்பியபோது இந்தக் கேள்வியே எழவில்லை. வெட்டவெளிச் சிலைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

பாலிகஞ்சில் சித்தி மகள் வசந்தா வீட்டில் தங்கினேன். ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு, காலை ஏழு மணிக்கு ட்ராம் பிடித்து ராஷ்பிஹாரி முனையில் இறங்கினேன். கட்டணம் முப்பது பைசா. அங்கிருந்து பவானிபூர் பக்கம் ஒரு கிலோமீட்டர் நடை. மெட்ரோவுக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். பல இடங்களில் பலகைமேல்தான் நடக்க வேண்டும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

பள்ளத்தை ஒட்டிய சிறு பூங்காவில் ஒரு தலைமையாசிரியரின் சிமெண்ட் சிலை. இடுப்பளவு, தோளில் சால்வை. சுமாரான வேலை என்று நினைத்தேன். கொண்டுவந்த ஒரே ரோலில் ஐந்து படமே பாக்கி. அதை மாலை வெயிலில் மைதானத்து வெண்கலச் சிலைக்காக வைத்திருந்தேன். திரும்பும்போது பெஞ்சிலிருந்து ஒரு பெண்மணி தமிழில் கூப்பிட்டார். என் பையிலிருந்த சென்னை ஜவுளிக்கடைப் பெயரைப் படித்திருக்கிறார்.

"மெட்ராஸா? கேமராவை வெச்சுண்டு எடுக்காமப் போறேளே."

"ஃபிலிம் கொஞ்சம்தான் இருக்கு."

"சிலை நன்னா இல்லைன்னு சொல்லுங்கோ. நான்தான் பண்ணினேன். கோச்சுக்க மாட்டேன்."

பெயர் ராஜம், அக்கம்பக்கத்து வங்காளிகளுக்கு ராஜம் தீதி, அதாவது அக்கா. பவானிபூரிலேயே பிறந்து ஓவியக் கல்லூரியில் படித்தவர், என் வயது. மெட்ரோ வேலைக்காகச் சிலையை மறுநாள் பெயர்த்து வேறிடம் கொண்டுபோகிறார்களாம். உடைந்தால் பார்த்துச் சரிசெய்யப் படம் வேண்டும். சிலையை வைத்த கமிட்டியிடம் இருக்கும் படங்கள் உதவாது. இங்கே சிலைக்கு ஃபோட்டோகிராஃபரைக் கூப்பிடுவது சிலைக்குரியவரின் பிறந்தநாளன்று மட்டும். அன்று தாடைவரை மாலை.

"எல்லாத்துலயும் பூக்கடைதான். வாத்தியார் எங்கேன்னு தேடணும். முதுகை ஒருத்தரும் எடுக்கலை."

"சிலை வார்த்த அச்சு இருக்குமே?"

"மழைத் தண்ணியில ஊறிப்போச்சு. வெளியில நிக்கற என் வேலை இது ஒண்ணுதான்."

கொஞ்சம் யோசித்துவிட்டு ஐந்தையும் எடுத்தேன்: முதுகு, இரண்டு பக்கவாட்டு, சால்வை மடிப்புகள் கிட்டத்தில் இரண்டு. "அழகு பாக்காதீங்கோ, மடிப்பு தெரியணும்" என்று அதட்டிக்கொண்டே இருந்தார். முன்பக்கம் எல்லாப் பெரியவர்களையும் போலத்தான் இருந்தது. பின்னால் சிமெண்டில் அவருடைய கட்டைவிரல் பதிந்த தடங்கள் இருந்தன. அங்கே ஒன்றும் மறைக்கவில்லை. சுமார் என்று நினைத்ததைத் திருத்திக்கொண்டேன், பாதியளவு.

சிலைகளைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு: பிறந்தநாளைத் தவிருங்கள். குளிர்காலத்தில் எட்டு மணிவரை மூட்டம் இருக்கும், காத்திருங்கள். ஒருமுறை சுற்றி வாருங்கள். ஒரு ரோல் கூடுதலாக இருக்கட்டும்.

மறுநாள் ஒன்பது மணிக்கு லாரி வந்தது. கயிறு இறுகியபோது முதுகுப்பக்கச் சால்வையில் கையகலத் துண்டு பெயர்ந்து விழுந்து மூன்றாக உடைந்தது. கமிட்டிச் செயலாளர் வங்காள மொழியில் ஆறுதல் சொன்னார்: "பின்னாடிதானே தீதி, யார் பார்க்கப் போறாங்க?" ராஜம் துண்டுகளைப் பொறுக்கிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு லாரியில் ஏறினார். ஊருக்குப் போய் ஃபிலிமைக் கழுவி அனுப்புவதாக முந்தின நாள் சொல்லியிருந்தேன். இப்போது மனம் மாறி, பவானிபூரிலேயே கழுவட்டும் என்று ரோலை அவர் கையில் கொடுத்தேன். என் மற்றக் கல்கத்தாப் படங்களும் அதில்தான் இருந்தன.